தொட்டிலில் தொடங்கும் மொழி உரிமை

(தாராவிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், ரேஷன் அட்டை, குடிசைப் பட்டியல் என்றே பேசிப் பழகிய நாங்கள் இன்று குழந்தையின் மழலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதில் என்ன அரசியல் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

சென்ற மாதம் நம் தாய் ஒருவர் சங்கத்துக்கு அழுதுகொண்டே வந்தார். மூன்று வயது மகனைப் பாலர் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அங்கே பையன் வாயே திறப்பதில்லை. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இந்தியிலேயே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்ததோ கடைக்குப் போய்வரும் அளவு இந்தி. அதை வைத்துப் பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? கதை சொல்ல முடியுமா? பத்து நாள் முயன்றார். பள்ளியில் ஊமையாக இருந்த பையன் வீட்டிலும் ஊமையானான்.

தோழர்களே, குழந்தை மொழியைப் பள்ளியில் தொடங்குவதில்லை. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் 'பத்து', 'பட்டு' இரண்டையும் பிரிக்கிற அதே த, ட ஒலிகளை, இந்தியில் உள்ளபடி, ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேற்றுமையைக் கண்டுகொண்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏன்? வீட்டில் அந்த ஒலிகள் இல்லை. முதல் சொல் பேசுமுன்பே காது தன் வீட்டு மொழிக்குப் பழகிவிடுகிறது.

பிறகு சொல் வருகிறது, இரண்டு வயதளவில் இரு சொல் சேர்கிறது, மூன்றில் வாக்கியம். யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. நம் சந்துப் பிள்ளை ஒன்று, "சாவலைக் குடு" என்கிறது. நாம் சிரிக்கிறோம். சிரிக்காதீர்கள்! சொல் இந்தி, 'ஐ' என்ற வேற்றுமை உருபு தமிழ். எங்கே எதைச் சேர்ப்பது என்று பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது. இரு மொழி கேட்டு வளரும் பிள்ளை கலந்து பேசுவது இயல்பு. அது நோயல்ல, குறையல்ல. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள், குறை இருக்காது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டி இன்னொன்றை மறிப்பதில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, மொழியைக் குறை சொல்லாமல், காது சோதனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

நம் மீதும் குறை உண்டு. இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, அழுகிற பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். 2003இல் அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கச் செய்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது ஒன்றும் பிடிக்கவில்லை. குழந்தைக்கு வேண்டியது முகம் பார்த்துப் பதில் சொல்லும் மனிதர். சோறூட்டும்போது பேசுங்கள். அப்பாக்களும் பேசுங்கள்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தில் 350அ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்யச் சொல்கிறது அது. மும்பை மாநகராட்சியும் தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஆனால் தொடக்கக் கல்வி என்பது ஆறு வயதில் வருவது. மொழி வேர்விடும் வயதுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த அங்கன்வாடியில் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவராவது வேண்டும் என்று கேட்கிறோம். மனு தயாராக இருக்கிறது; கையெழுத்திடுங்கள்.

மராத்தியோ இந்தியோ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த மண்ணில் உழைக்கிறோம். இவ்வூர் மொழியை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கவேண்டும். தாயின் வாயைக் கட்டித்தான் அதைக் கற்பிக்கவேண்டும் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அந்த அம்மாவிடம், தமிழிலேயே பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். பையன் வீட்டில் மறுபடி வாயாடுகிறான். பள்ளியில் இன்னும் அதிகம் பேசுவதில்லை. புது மொழிக்குள் நுழையும் பிள்ளை சிலகாலம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பொறுத்திருப்போம்; சும்மா இருக்கமாட்டோம்.