வலிப்பும் நம் கடமையும்



சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் ஒரு சிறுவன் வலிப்புக் கண்டு வீழ்ந்தான். யாம் ஓடிச்சென்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். பற்களிடையே கரண்டியை நுழைத்தோம். வலிப்புத் தானே நின்றது. எம்மால் ஒரு பல் உடைந்தது. ‘வெளியில் சொல்லாதீர்கள்’ என்றார் அன்னை. இன்று அவர் இசைவுடனே சொல்கின்றோம்.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் இயங்குகின்றன. அம்மின்னலைகளை 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதல் மனிதரிடம் பதிவு செய்தார். பல அணுக்கள் ஒருங்கே கட்டுமீறித் துடிப்பதே வலிப்பு. இரும்பு அதனை நிறுத்தாது.

தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்திடுக. கைகால்களை அழுத்தற்க, வாயில் ஒன்றும் இடற்க. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துக. கடிகாரம் பார்த்தல் ரயில்வேயினர்க்குப் பழகிய தொழிலன்றோ? 5 நிமிடம் கடப்பின் மருத்துவமனைக்கு விரைக. தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசினும், பின்னர் அடிக்கடி வாந்தியெடுத்தாலோ, உறக்கம் மிகுந்தாலோ, கண்மணிகள் அளவில் வேறுபட்டாலோ அவ்வாறே விரைக.

ஒழுங்காக மருந்துண்போரில் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழ்கின்றனர். திருமணத்திற்குத் தடையாக வலிப்பைக் கூறிய சொல்லை இந்து திருமணச் சட்டத்தினின்று 1999-இல் நீக்கிவிட்டனர். சட்டம் விட்டதை நாம் பிடித்திருப்பது தகுமோ?