தொழில் தொடங்க என்ன பயம்?



"தொழில்னா லட்சக்கணக்குல முதல் வேணுமே!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறீர்கள். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் போட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு கடனுக்கு அடமானம் வேண்டாம். உத்யம் பதிவு இலவசம். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீங்க.

"நஷ்டம் வந்தா?" இந்தப் பயம் நியாயமானதுதான். பயிற்சி கிடைத்ததே என்று ஒரு குழுவைப் பினாயில் தயாரிக்கச் சொன்னோம். யார் வாங்குவாங்கன்னு விசாரிக்கவில்லை. பாதி பாட்டில் தேங்கிவிட்டது. கூலி வேலைக்குப் போய்த்தான் அவர்கள் கடனைக் கட்டினார்கள். தப்பு எங்களுடையது.

அதே குழுவில் ஒரு அக்கா பிறகு இட்லி மாவு அரைத்தார். முதல் வாரம் அஞ்சு வீட்டுக்குத்தான். அரிசி, உளுந்து, கரண்ட், தன்னோட கூலி, எல்லாத்தையும் நோட்டில் எழுதினார். கடனுக்குக் கேட்ட நாத்தனாரிடமே, "இது குழுப் பணம் அண்ணி" என்று சொல்லிவிட்டார். கோவிச்சுக்கிட்டுப் போனவங்க, மறுவாரம் காசோட வந்தாங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்க தெருவுல எந்தப் பொருளை எத்தனை வீடு வாங்குதுன்னு எழுதிக்கிட்டு வாங்க.