அநேகாந்தமும் கைப்பேசியும்

(தசலட்சணப் பருவ நிறைவு விழாவின் இளையோர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைப்பேசியை உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் அப்படிச் சொல்லிச் சொல்லி நான் கண்ட பயன் ஒன்றுமில்லை. தவிரவும், இன்றைய பேச்சே அக்கருவியைப் பற்றியதுதான்.

நான் செய்த பிழையொன்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், இராசஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. பெரியவர்களுக்கு அந்த நாள்கள் நினைவிருக்கும். ஆகஸ்டு 24ஆம் நாள் நாடெங்கும் சமணர்கள் அமைதி ஊர்வலம் சென்றார்கள். 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இடைப்பட்ட மூன்று வாரங்களும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு உலைப்பானைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. அக்குழுவின் நிர்வாகி அடியேன். தமிழாசிரியன் என்பதால், வந்து குவிந்த செய்திகளிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி மற்றவர்களுக்கு அனுப்பும் பணியையும் நானே மேற்கொண்டிருந்தேன். செய்தி மெய்யா பொய்யா என்று பாராமல் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன் என்பதை இன்று நினைத்தால் நகைப்பு வருகிறது.

அந்தக் கொதிப்பின் நடுவே என் தங்கை மகள் ஒரு வினாவை எழுதினாள். அவள் மருத்துவமனையொன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். “உணவை மறுக்கும் முதியவர் உண்மையிலேயே நோன்பு ஏற்றவரா, வாழ்வில் சலிப்புற்றவரா என்பதை யார் உறுதி செய்வது?” என்பதே அவள் கேட்டது. பத்து நிமிடங்களுக்குள் இருபது மறுமொழிகள் வந்து விழுந்தன. ஒன்றுகூட அவள் வினாவுக்கு விடையன்று. ‘நம் வீட்டுப் பெண்ணா இப்படி’ என்றார் ஒருவர். ‘படிப்புத் தலைக்கேறிவிட்டது’ என்றார் இன்னொருவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? சமயப் பற்றின் பெயரால் அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன். அதன் பிறகு குழுவில் பேரமைதி நிலவியது. அனைவரும் அனைவரையும் ஒத்துப் பேசினோம். வினாக் கேட்கும் மாணவனை வெளியே நிறுத்திவிட்டு, வகுப்பு அடங்கியிருக்கிறதென்று மகிழும் ஆசிரியனின் நிலைதான் அது.

அடுத்த மாதமே தசலட்சணப் பருவம் வந்தது. பத்து நாள்களும் உத்தம க்ஷமை முதலான அறங்களைப் பற்றிப் பேசினேன். நிறைவு நாளில், யாரோ அனுப்பிய மன்னிப்பு வேண்டும் படமொன்றை நூறு பேருக்கு அனுப்பும்போது அவளுக்கும் அனுப்பினேன். தாமரைப் பூ வரைந்த படம். மறுமொழி வரவில்லை. வராதது முறையே. விரல் நுனியால் நூறு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்கப்படும் மன்னிப்பு யாருக்குமே உரியதன்று.

பிறகு பேருந்தேறி அவள் பணிபுரியும் ஊருக்குச் சென்றேன். மருத்துவமனை வாயிலில் இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்து, “நீ கேட்டது எனக்கு விளங்கவில்லை அம்மா, மறுபடி சொல்” என்றேன். அவள் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மூன்று நாள் உணவு கொள்ளாத மூதாட்டி ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அவர் நம் சமயத்தவர் அல்லர். ‘அம்மாவே சாப்பாடு வேண்டாம் என்கிறார்’ என்றார்களாம் பிள்ளைகள். இரவில் தனியே இருந்தபோது அந்த அம்மையார் இவள் கையைப் பற்றிக்கொண்டு, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். “பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கிறோமே என்றுதான் மாமா அவர் பசியில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் நம் நோன்பைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.”

நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். இருபது மறுமொழி எழுதிய எங்களில் ஒருவருக்கும் அந்த மூதாட்டி தெரியாது. வினாவை மட்டுமே படித்தோம். வினாவின் பின்னால் நின்ற கையைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் அருங்கலச்செப்பையும், அதற்கு மூலமான சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும் எடுத்துப் பார்த்தேன். தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகிய நிலைகளிலேயே அந்நோன்பு விதிக்கப்படுகிறது. அத்தோடு அதற்குரிய குற்றங்களும் கூறப்பட்டுள்ளன. மேலும் வாழ விரும்புவது குற்றம். அச்சம் குற்றம். விரைவில் சாக விரும்புவதும் குற்றம்! சலிப்பினால் சாவை நாடுவோர்க்கு அது நோன்பாகாதென்று ஆசாரியர் அன்றே வரையறுத்திருக்கிறார். என் தங்கை மகள் கேட்ட வினா நம் நூலுக்குள்ளேயே இருந்தது. நூலைக் காக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு நூலின் வினாவையே நான் வெளியேற்றியிருக்கிறேன். சல்லேகனை தற்கொலையன்று என்பதே இன்றும் என் உறுதியான கருத்து. அவளும் தன் ஐயத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை.

இளைஞர்களே, நான் கைவிரலால் செய்ததை உங்கள் கருவிகள் நீங்கள் அறியாமலே செய்துவிடுகின்றன. எந்தக் காணொளியில் நீங்கள் சற்று நேரம் நின்றீர்கள், எதைத் தள்ளிவிட்டுப் போனீர்கள் என்பதை யூடியூபும் இன்ஸ்டாகிராமும் குறித்துக்கொள்கின்றன. நின்றதைப் போன்றதை மேன்மேலும் தருகின்றன. தள்ளியது வருவது குறைந்துபோகிறது. இதனை 2011ஆம் ஆண்டிலேயே எலி பாரிசர் என்ற அமெரிக்கர் ஒரு நூலாக எழுதி, வடிகட்டிய நீர்க்குமிழி என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். எதிரொலி அறை என்றும் வழங்குகிறார்கள். குமிழிக்குள் இருப்பவனுக்குக் குமிழி தெரியாது. ‘உலகமே என் பக்கம்’ என்றுதான் தோன்றும்.

இதற்கு மாற்று நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. நீலகேசியை எண்ணிப் பாருங்கள். அவள் தன்னை ஒத்தவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று ஒவ்வொருவரையும் தேடிச்சென்று வாதிட்டாள். அதைவிட வியப்பானது அந்நூலின் உரை. உரையாசிரியர் சமய திவாகர வாமன முனிவர், எதிர்த்தரப்பு நூலான குண்டலகேசியின் பாடல்களை எடுத்துக்காட்டிய பின்னரே மறுப்புக்குப் பொருள் கூறுகிறார். குண்டலகேசி முழுநூலாக இன்று கிடைக்கவில்லை. அக்காப்பியம் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதியைக் காத்துக் கொடுத்தது இந்தச் சமண உரைதான். 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவ்வுரையோடு நீலகேசியைப் பதிப்பித்தார். எதிரியின் சொல்லைச் சிதைக்காமல் முழுமையாகச் சொல்லிய பிறகே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. நீங்களும் ஒருவரை மறுக்குமுன், ‘நீங்கள் சொல்வது இதுதானே?’ என்று அவர் கருத்தை உங்கள் சொற்களில் சொல்லிக் காட்டுங்கள். அவர் ‘ஆம்’ என்ற பிறகு மறுங்கள்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று கூறுகிறேன். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில், சேலம் இராமசாமி முதலியார் ஓர் இளம் தமிழாசிரியரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். அந்த ஆசிரியருக்கு வயது இருபத்தைந்து. சைவச் சூழலில் வளர்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். ‘சமண நூல் நமக்கெதற்கு’ என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. தமக்கு விளங்காத சமயச் சொற்களுக்குப் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே சென்று, மாணவனைப்போல அமர்ந்து கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அவர்தாம் உ. வே. சாமிநாதையர். அவருக்கு வாயிலைத் திறந்துவிட்டுத் தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்த நம் முன்னோர்களையும் நான் அதே அளவு போற்றுகிறேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அநேகாந்தம் என்றால் எல்லாரும் சொல்வது சரி என்று தலையாட்டுவதன்று. சியாத் என்பது ‘ஒருவாற்றால்’ என்று எல்லை வகுக்கும் சொல். எந்த நோக்கில், எந்த நிலையில் இது உண்மை என்று ஆராயும் கடமையை அது நம்மீது சுமத்துகிறது. பொய்க்கு அங்கே இடமில்லை. 2018 மே மாதத்தில், நம் திருமலைக்குத் தொலைவிலில்லாத போளூர்ப் பகுதியில் என்ன நடந்தது? குழந்தை கடத்துவோர் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பியவர்கள், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த முதியவள் ஒருத்தியை அடித்தே கொன்றார்கள். அவள் செய்ததெல்லாம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான். ‘நீ யாரம்மா, எங்கே போகிறாய்?’ என்று ஒருவர் நின்று கேட்டிருந்தால் போதும். அதன்பின் அவ்வாண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. இன்று அந்தத் தாமரைப் படத்தை நூறு பேருக்கு அனுப்புவதாயின் நான் பலமுறை விரலை அழுத்த வேண்டும்.

என் தங்கை மகளைக் குழுவில் மீண்டும் சேர்க்கட்டுமா என்று அன்று விடைபெறும்போது கேட்டேன். “வேண்டாம் மாமா, அங்கே பேச முடியாது. மாதம் ஒருமுறை நீங்கள் நேரில் வாருங்கள்” என்றாள். கீழ்வானத்தில் விளக்கேற்றும் நேரம் வருமுன் அவளும் நானும் சிற்றுண்டி முடித்துக்கொள்வோம். அதன்பின் கடைசிப் பேருந்து வரும்வரை வாதிட்டுக்கொண்டிருப்போம். இந்த மாதம் அவள் எடுத்திருக்கும் பொருள் உறுப்புத் தானம். நான் இன்னும் விடை தயாரித்து முடிக்கவில்லை.