யாருக்கு ஓட்டு? லைபீரியப் பெண்கள் யோசித்த கதை

சந்தைக்குப் போகிறீர்கள். கத்தரிக்காய் வாங்குகிறீர்கள். கூடையில் கிடப்பதை அப்படியே அள்ளிப் போடச் சொல்வீர்களா? மாட்டீர்கள். ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்ப்பீர்கள். சொத்தை இருந்தால் ஒதுக்கி விடுவீர்கள். அரைக் கிலோ கத்தரிக்காய்க்கே இவ்வளவு யோசனை. அப்படியானால் நாட்டை ஆளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு யோசிக்க வேண்டும்?

அப்படிப் புரட்டிப் பார்த்து ஓட்டுப் போட்ட பெண்களைப் பற்றியது இந்தப் பேச்சு. இது கட்டுக்கதை அல்ல. உண்மையில் நடந்தது. நடந்த இடம் லைபீரியா. நடந்த வருஷம் 2005.

லைபீரியா எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்கா கண்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. சின்ன நாடு. தலைநகரம் மன்ரோவியா. அங்கேயும் அரிசிச் சோறுதான் முக்கியமான சாப்பாடு. மரவள்ளிக் கிழங்கும் மீனும் உண்டு. சந்தையில் கூடை வைத்து விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பு மக்களில் சிலர் கப்பலேறி இங்கே வந்து குடியேறினார்கள். 1847-இல் இதைத் தனி நாடாக அறிவித்தார்கள். அந்த மண்ணில் முன்பே வாழ்ந்து வந்தவர்கள் பதினாறு இனத்தார். அவர்கள்தான் அதிகம். ஆனாலும் 1980 வரை ஆட்சி, வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் கையிலேயே இருந்தது. இதனால் மக்கள் மனத்தில் மனக்கசப்பு வளர்ந்தது. 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்ற எண்ணம் ஊறிப் போனது.

இந்தியாவில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். லைபீரியாவில் அப்படி இல்லை. மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஜனாதிபதிதான் நாட்டை ஆள்கிறார். ஒரு முறை ஜெயித்தால் ஆறு வருஷம் பதவி. ஜனாதிபதித் தேர்தலில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1951-இல்.

பயந்து போட்ட ஓட்டு

1989 கடைசியில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. சார்லஸ் டெய்லர் என்பவர் படை திரட்டி வந்தார். பிறகு பல கூட்டங்கள் துப்பாக்கி தூக்கின. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். ஊர்கள் எரிந்தன. ஏராளமான பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள்.

1997-இல் போர் கொஞ்சம் ஓய்ந்தது. தேர்தல் வந்தது. அதில் யார் ஜெயித்தார் தெரியுமா? போரைத் தொடங்கிய அதே டெய்லர்தான். நூற்றுக்கு எழுபத்தைந்து ஓட்டு அவருக்கு விழுந்தது. ஏன்? 'இவர் தோற்றால் மறுபடி துப்பாக்கியைத் தூக்குவார். ஓட்டைப் போட்டுத் தொலைப்போம், நிம்மதியாவது கிடைக்கட்டும்.' பலர் இப்படி நினைத்தார்கள்.

நிம்மதி கிடைத்ததா? இல்லை. 1999-இல் மறுபடியும் போர். பயந்து போட்ட ஓட்டு பயத்தைப் போக்கவில்லை. இரண்டு போரிலும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள் என்று சொல்கிறார்கள்.

வெள்ளைச் சட்டைப் பெண்கள்

2003-இல் பெண்கள் பொறுமை இழந்தார்கள். லேமா போவீ என்ற சமூக சேவகி முன்னே நின்றார். அவரும் பிள்ளைகளைப் பெற்ற தாய்தான். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்று சேர்ந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடை அணிந்தார்கள். மன்ரோவியாவில் மீன் சந்தை அருகே திடலில் தினமும் போய் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: சண்டை நிற்க வேண்டும்.

கானா நாட்டில் சமாதானப் பேச்சு நடந்தது. அது இழுத்துக்கொண்டே போனது. பெண்கள் அங்கேயும் போனார்கள். பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 2003 ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். அதே மாதம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

பட்டியலில் பெயர் சேர்ந்தது

2005-இல் தேர்தல் அறிவித்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதும் வேலை தொடங்கியது. ஆனால் பெண்கள் அதிகம் வரவில்லை. ஏன் வரவில்லை? அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாள் கடை போடாவிட்டால் அன்று ராத்திரி அடுப்பு எரியாது. கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வரிசையில் நிற்பது?

சமாதானத்துக்காகப் போராடிய பெண்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அவர்கள் மேடை போட்டுப் பேசவில்லை. நேராகச் சந்தைக்கே போனார்கள். கடையைப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாபாரம் செய்யும் பெண்களைப் பெயர் எழுத அனுப்பி வைத்தார்கள். கடைசியில் பட்டியலில் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள்.

களத்தில் இரண்டு பேர்

ஜனாதிபதி பதவிக்கு 22 பேர் போட்டியிட்டார்கள். அக்டோபர் 11-இல் முதல் சுற்று நடந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை. அதனால் முதல் இரண்டு இடங்களில் வந்தவர்களுக்கு மட்டும் மறு சுற்று வைத்தார்கள்.

முதலிடத்தில் வந்தவர் ஜார்ஜ் வியா. வயது 39. மன்ரோவியாவின் குடிசைப் பகுதியில் பாட்டி வளர்த்த பிள்ளை. மண்ணின் மைந்தர். கால்பந்து ஆடி, 1995-இல் உலகத்திலேயே சிறந்த வீரர் என்று பெயர் வாங்கியவர். போர்ப் பாவம் எதுவும் அவர் தலையில் இல்லை. ஆனால் அவர் அப்போது பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை. ஆட்சி அனுபவமும் இல்லை.

இரண்டாவதாக வந்தவர் எலன் ஜான்சன் சர்லீஃப். அவருக்கு வயது 67. 17 வயதில் கல்யாணம். நான்கு ஆண் பிள்ளைகள். கணவரிடம் அடிபட்டு, பிறகு பிரிந்து வாழ்ந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1979-இல் நிதி மந்திரி ஆனவர். ராணுவ ஆட்சியைக் குறை சொல்லிப் பேசியதற்காக ஜெயிலுக்குப் போனவர். 1997-இல் டெய்லரை எதிர்த்து நின்று தோற்றவர். ஆனால் அவர் மீதும் ஒரு குறை இருந்தது. போரின் தொடக்கத்தில் அவர் டெய்லருக்கு உதவி செய்திருந்தார். பிறகுதான் எதிர்த்தார்.

தராசில் வைத்துப் பார்த்தார்கள்

ஒரு சந்தைக்காரப் பெண் என்னவெல்லாம் யோசித்திருப்பார்?

முதல் கேள்வி: 'இவர் பெண், நானும் பெண். அதற்காக ஓட்டுப் போடலாமா?' ஆண்கள் ஆண்டு நாட்டைக் கெடுத்தார்கள், ஒரு பெண் ஆண்டு பார்க்கட்டும் என்று பலர் பேசினார்கள். 'பெண்ணால் நாட்டைக் கட்டி ஆள முடியுமா?' என்று கேட்ட பெண்களும் இருந்தார்கள்.

இரண்டாவது கேள்வி: 'இவர் எங்கள் ஆளா?' வியா ஏழை வீட்டுப் பிள்ளை. எலனைப் பார்த்தால் வந்து குடியேறியவர்களின் பெரிய இடத்துப் பெண் என்று பலர் எண்ணினார்கள். எலன் அதை மறுத்தார். அவருடைய அப்பாவைப் பெற்றவர் மண்ணின் மக்களான கோலா இனத்தவர். அவருடைய பாட்டிமார் இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

மூன்றாவது கேள்வி: 'படித்தவரா, படிக்காதவரா?' வியா படித்தாலும் படிக்காவிட்டாலும் ஓட்டு அவருக்கே என்று இளைஞர்கள் தெருவில் கோஷம் போட்டார்கள். அவர்கள் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. டெய்லரும் அமெரிக்காவில் கல்லூரியில் படித்தவர்தானே? அந்தப் படிப்பு நாட்டுக்கு என்ன செய்தது? படிப்பு மட்டும் போதாது. படிப்பை யாருக்காகப் பயன்படுத்துகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் பெரியது: 'நாளைக்கு என் வீட்டில் என்ன மாறும்?' தலைநகரத்தில் பல வருஷமாகக் குழாயில் தண்ணீர் இல்லை, கம்பியில் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடங்கள் இடிந்து கிடந்தன. பெண்களுக்கு இரவில் வெளியே போகப் பயம். துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்த பையன்களுக்கு வேலை இல்லை. இதையெல்லாம் சரிசெய்ய யாருக்குத் தெரியும்?

இந்த நான்கையும் ஒவ்வொரு பெண்ணும் தன் மனத்தராசில் வைத்துப் பார்த்தார். எல்லோருடைய தராசும் ஒரே பக்கம் சாயவில்லை. வியாவுக்கு ஓட்டுப் போட்ட தாய்மாரும் உண்டு. எலனுக்கு ஓட்டுப் போட்ட ஆண்களும் உண்டு.

முடிவு

நவம்பர் 8-இல் மறு சுற்று நடந்தது. முதல் சுற்றில் வியாவுக்கு நூற்றுக்கு 28 ஓட்டு, எலனுக்கு 20 ஓட்டு. மறு சுற்றில் எலனுக்கு 59, வியாவுக்கு 41. ஓட்டுப் பெட்டிக்கு ஆண் ஓட்டு, பெண் ஓட்டு என்ற வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பெண்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்தது எல்லோருக்கும் தெரியும். 2006 ஜனவரி 16-இல் எலன் பதவி ஏற்றார். ஆப்பிரிக்காவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஜனாதிபதி அவர்.

பிறகு என்ன நடந்தது?

நல்லதும் நடந்தது, குறையும் இருந்தது. 2006 ஜூலையில் தலைநகரத்தின் சில பகுதிகளில் தெரு விளக்கு எரிந்தது. ஆரம்பப் பள்ளியில் கட்டணம் இல்லை என்றார்கள். பெண் வக்கீல்கள் போராடிக் கொண்டுவந்த கடுமையான பலாத்காரத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். சந்தைகளைச் சீர்செய்ய ஒரு நிதி தொடங்கினார்கள். அமைதி காக்க ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படையில், 2007 முதல் 2016 வரை இந்தியாவின் பெண் போலீசாரும் இருந்தார்கள். சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்தி நின்ற அவர்களைப் பார்த்து அந்த நாட்டுப் பெண்களுக்கும் போலீசில் சேரும் துணிச்சல் வந்தது.

குறைகள் என்ன? லஞ்சம் ஒழியவில்லை. எலன் தன் மகன்களுக்குப் பதவி கொடுத்தார் என்று கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களில் லேமா போவீயும் ஒருவர். 2011-இல் எலனோடு சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு வாங்கிய அதே போவீதான்! 'பெண்தானே, நம் ஆள்தானே' என்று அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

எலன் 2011-இல் மறுபடி ஜெயித்தார். இரண்டு முறை ஆண்ட பிறகு சட்டப்படி விலகினார். 2017 தேர்தலில் வியா ஜெயித்தார். அதற்குள் அவர் பட்டப் படிப்பையும் முடித்திருந்தார். 2023 தேர்தலில் அவரும் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு பதவியை ஒப்படைத்தார். துப்பாக்கியால் ஆட்சி மாறிய நாட்டில் ஓட்டால் ஆட்சி மாறுகிறது. இதுதான் அந்தப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்த பெரிய சொத்து.

ஆனாலும் பெண்கள் மீது நடக்கும் கொடுமை அங்கே இன்னும் ஓயவில்லை. 2020-இல் வியாவே பலாத்காரத்தை நாட்டின் அவசரப் பிரச்சினை என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாப் பெண்களின் கஷ்டமும் தீர்ந்துவிடாது. ஓட்டுப் போட்ட பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தாய்மார்களே! உங்கள் ஊரிலும் தேர்தல் வரும். பஞ்சாயத்துக்குப் பெண்கள் நிற்பார்கள், ஆண்களும் நிற்பார்கள். 'நம் சாதி' என்று ஒருவர் வருவார். 'நானும் உங்களைப் போலப் பெண்தான்' என்று ஒருவர் வருவார். 'எனக்குப் போடாவிட்டால் பார்' என்று மிரட்டவும் ஒருவர் வரலாம். எல்லோர் பேச்சையும் கேளுங்கள். பிறகு நீங்களே கேளுங்கள். தண்ணீர் வருமா? பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வருவாரா? என் மகள் பயமில்லாமல் நடக்க முடியுமா? இதுவரை இவர் என்ன செய்தார்?

முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். நீங்களே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் விட்டுப் போயிருந்தால், அவர் எழுதப் போகும்வரை அவர் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.