ஹாட்ஸ்பாட் டேட்டாவை யார் தின்கிறார்கள்?

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து, சான்றிதழ்களைப் பதிவேற்றும் நேரம் பார்த்து அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துபோகும். நாம ஒரு வீடியோகூட பார்த்திருக்க மாட்டோம். அப்போ யார் செலவழிச்சது?

பெரும்பாலும் விண்டோஸ்தான். ‘செல்லுலார்’ என்று காட்டும் சிம் இணைப்பை, அளவாகத்தான் செலவழிக்கணும் என்று அது தானாகவே புரிந்துகொள்ளும். ஹாட்ஸ்பாட்டோ அதற்கு வீட்டு வைஃபை மாதிரிதான். பின்னணியில் அப்டேட்களை இறக்கத் தொடங்கிவிடும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அடுத்து நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பிராப்பர்ட்டீஸ். அங்கே ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் பண்ணுங்க. பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். ஒன்டிரைவும் கோப்புகளை அனுப்புவதை நிறுத்தி வைக்கும். யூஎஸ்பி கேபிளில் போனை இணைத்திருந்தால், ‘ஈதர்நெட்’ பகுதியில் இதே வசதி இருக்கும்.

ஒன்றை மறக்காதீங்க. அப்டேட்தான் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு. அளவில்லாத வைஃபை கிடைக்கும் நாளில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்திவிடுங்கள். அதுவரை உங்க டேட்டா, உங்க விண்ணப்பத்துக்கே.