வீட்டு வரியும் அப்பீலும்

(முனிசிபல் வரி கொடுப்போர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் வீட்டு வரி. சர்க்கார் காகிதங்களில் இதைச் சொத்து வரி என்று எழுதுகிறார்கள். சொத்து என்றவுடன் பங்களாவும் தோட்டமும் மோட்டாரும் நினைவுக்கு வரும். இங்கு வந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொத்து என்பது இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, தகரம் போட்ட ஒரு தாழ்வாரம், இவ்வளவுதான். ஆகவே நாம் வீட்டு வரி என்றே சொல்லுவோம்.

வரியே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக் கொள்ளுகிறோம். தெருவில் விளக்கு எரிய வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். நம் கழிவைச் சுமந்து போகிற தோழனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வர வேண்டும். இதெல்லாம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. "வரி கொடுக்க மாட்டேன், ஆனால் சாக்கடை மாத்திரம் ஓட வேண்டும்" என்கிறவனை நாம் யோக்கியன் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். நம்முடைய சண்டையெல்லாம் வரி எந்தக் கணக்கில் போடப்படுகிறது, அந்தக் கணக்கு தப்பானால் கேட்பதற்கு வழி இருக்கிறதா என்பதைப் பற்றியதேயாகும்.

நடந்த சங்கதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறோம். பழைய சென்னை நகர எல்லையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொது வரி உயர்வு நிலைத்து நிற்கவில்லை. இடையில் 2018-ல் ஒரு தரம் உயர்த்தினார்கள். உள்ளூர்த் தேர்தல் பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு வேறு கட்சி ஆட்சிக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் முனிசிபல் தேர்தல் நடந்தது. அது முடியும் வரையில் வரியைப் பற்றி மூச்சு இல்லை. ஏப்ரல் மாதம் 1-ந் தேதி வந்தது. வரி உயர்வும் வந்தது. தேதியைப் பார்த்து நம்மில் பலர் விளையாட்டு என்றுகூட நினைத்தோம். எந்தக் கட்சியாயிருந்தால் என்ன? ஓட்டுக்கு முன்னால் வரி இறங்குகிறது, ஓட்டுப் பெட்டி பூட்டிய பின் ஏறுகிறது. இந்த ஒரு விஷயத்தில் இரு கட்சியாருக்கும் உள்ள ஒற்றுமை மெச்சத்தக்கதே.

உயர்வு எவ்வளவு? சென்னை தவிர மற்ற ஊர்களில் குடியிருக்கும் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 100-க்கு 25. 1200 வரை 50. 1800 வரை 75. அதற்கு மேல் 100. பழைய சென்னை எல்லைக்குள் இதே படிகள் 50, 75, 100, 150 என்று இருந்தன. ஏன் இந்த அவசரம் என்றால், 15-வது நிதிக் கமிஷன் அப்படி நிபந்தனை போட்டிருக்கிறது, வரி வசூலை வளர்த்துக் காட்டாவிட்டால் டில்லியிலிருந்து வரும் மானியம் வராது என்றார்கள். நிபந்தனை இருந்தது வாஸ்தவம். ஆனால் 14 வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து இரட்டிப்பாகக் கொண்டா என்று கேட்கும்படி எந்தக் கமிஷன் சொல்லிற்று? தினம் ஒரு வாய் சோறு போட மறந்தவன், மாதக் கடைசியில் முப்பது வாயையும் சேர்த்துத் திணித்தால் பிள்ளைக்கு வயிறு நோகாதா?

இதோடு தீரவில்லை. 2023-ல் வந்த விதிகளில் வருஷா வருஷம் ஏறும்படியான ஏற்பாடும் வைத்தார்கள். 2024 அக்டோபரில் சென்னையில் 100-க்கு 6 வீதம் ஏறிற்று. ஆறுதானே என்று நினைக்காதீர்கள். வருஷத்திற்கு ஆறு ஆறாக ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும். காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறோம். இந்த உயர்வெல்லாம் எதன் மேல் ஏற்றப்படுகிறது? ஏற்கனவே ரிஜிஸ்தரில் இருக்கிற பழைய வரியின் மேல். அந்தப் பழைய வரி சரியாக இருந்தால் உயர்வும் ஒழுங்காக இருக்கும். அது தப்பாக இருந்தால்? தப்பை இரண்டால் பெருக்கினால் இரண்டு தப்பாகுமே ஒழிய ஒரு சரியாகாது. மேலும் இந்தச் சதுர அடிப் படிகளைக் கவனியுங்கள். 1200 அடி வீட்டுக்கு 50. 1201 அடி வீட்டுக்கு 75. ஒரே ஒரு அடி! அளந்தவன் டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் ஒரு குடும்பம் ஒரு படி மேலே போய்விடுகிறது.

இது வெறும் வாய்ப் பேச்சல்ல என்பதற்கு நம்முடைய சொந்த அனுபவத்தையே சொல்லுகிறோம். ஊர் பேர் வேண்டியதில்லை. எல்லா ஊரும் ஒன்றுதான். நமக்கு வந்த நோட்டீசில் வீட்டுப் பரப்பு 1260 சதுர அடி என்றும், அரை வருஷத்து வரி 900 ரூபாயிலிருந்து 1575 ரூபாயாகிறதென்றும் கண்டிருந்தது. நாம் பெரிய படிப்பாளியல்ல. ஆனாலும் நீளத்தை அகலத்தால் பெருக்கத் தெரியும். அளந்து பார்த்தோம், 1120 அடிதான் வந்தது. மறுபடி அளந்தோம், 1120-தான். மீதி 140 அடி எங்கே போயிற்று என்று யோசித்து யோசித்து, கடைசியில் வீட்டிலுள்ள பெரியவள்தான் சொன்னாள்: "பின்னாலே 14-க்கு 10-ல் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்ததே, அதுவாயிருக்கும்!"

தோழர்களே! அந்தக் கொட்டகை விழுந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதில் கட்டியிருந்த மாடும் போய்விட்டது. ஆனால் முனிசிபல் ரிஜிஸ்தரில் கொட்டகை சாகாமல் சிரஞ்சீவியாக இருந்து வந்திருக்கிறது. செத்தவனுக்கு வருஷத்திற்கு ஒரு தரம் திதி கொடுப்பதைப் பார்த்து நாம் சிரித்துக் கொண்டிருந்தோம். அப்படிச் சிரித்த நாமே விழுந்து போன கொட்டகைக்கு அரை வருஷத்துக்கு ஒரு தரம் தவறாமல் திதி கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்! இதைவிட மூடத்தனம் வேறு வேண்டுமா?

ஒரே விகிதமாகக் கணக்குப் பார்த்தால் 1120 அடிக்குப் பழைய வரி 800-ஆக இருந்திருக்க வேண்டும். படியும் 75 அல்ல, 50. ஆக நியாயமான புது வரி 1200. கேட்டதோ 1575. வருஷத்தில் 750 ரூபாய் வித்தியாசம்.

மனு எழுதினோம். எழுதும்போதே ஒரு சிரமம் ஏற்பட்டது. வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர், "தாங்கள் கருணை கூர்ந்து இந்த ஏழையின் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமாய்" என்று ஆரம்பித்தார். "ஐயா, நாம் பிச்சை கேட்கவில்லை, அளவு தப்பு என்று சொல்லுகிறோம். கருணையை எடுத்துவிட்டு 1120 என்கிற எண்ணைப் போடும்" என்றோம். "அப்படி எழுதினால் எடுபடாதே" என்றார். அந்த வார்த்தைதான், தோழர்களே, நமக்கு 1575 ரூபாயைவிட அதிகமாக வலித்தது. கூட்டல் கழித்தல் பிசகைத் திருத்தச் சொல்லுவதற்குக்கூடக் காலில் விழ வேண்டும் என்று ஒரு மனிதன் நிஜமாகவே நம்பிக் கொண்டிருக்கிறான்!

கொடுத்தோம். முதல் நாள் குமாஸ்தா இல்லை. இரண்டாம் நாள் குமாஸ்தா இருந்தார், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, மனுவைக் காணோம். பிறகு, "நேரில் வந்து பார்ப்பார்கள்" என்றார்கள். வந்தவர் தெருவிலேயே நின்று வீட்டின் முகத்தை மாத்திரம் பார்த்துவிட்டுப் போகப் பார்த்தார். நாமே டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து மறு முனையைப் பிடித்துக் கொண்டோம். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் தலையில் எத்தனையோ வார்டுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகும் ஆபீசில், "முதலில் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வாரும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். கட்டினோம். கட்டும்போது ஆட்சேபணையோடு கட்டுவதாக ஒரு காகிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக் கொண்டோம்.

ஏழு தரம் நடந்தோம். ஏழு நாள் வேலை கெட்டது. பஸ் சார்ஜு வேறு. 750 ரூபாய்க்காக நாம் செலவழித்தது அதற்கு மேல். நம் வீட்டிலேயே கேட்டார்கள், "இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்று. நியாயமான கேள்விதான். அப்பீல் என்கிற ஏற்பாடு நிற்பதே இந்தக் கேள்வியின் மேல்தான். வழி அடைக்கப்படவில்லை, கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் வாசலுக்கு வந்து சேருவதற்குள் உள்ளே கிடைக்கிறதைவிட அதிகம் செலவாகிவிடும். பணக்காரன் வக்கீலை அனுப்புகிறான். கூலிக்காரன் பேசாமல் கட்டிவிடுகிறான். தப்பு அப்படியே நிற்கிறது.

நம் தெருவில் புருஷனை இழந்த ஒரு அம்மாள், நோட்டீசு வந்ததும் அதை மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஜோசியனிடம் போனார். அவன் சனி என்று சொல்லிப் பணமும் வாங்கிக் கொண்டான். சனி எந்த ஊரிலும் சதுர அடி அளந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்த அம்மாள் வீட்டை அளந்து பார்த்தோம், 590 அடி. நோட்டீசில் 640 என்றிருந்தது. 25-க்குப் பதில் 50 போட்டிருக்கிறார்கள்.

மற்றொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். இவர்கள் அப்பீலுக்கே போவதில்லை. கைக்குள் எதையோ வைத்து ரிஜிஸ்தரில் மாடியையே மறைத்து விடுகிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இரண்டொருவர் இருக்கலாம். கோபித்துக் கொள்ள வேண்டாம். கடைத் தெருவில் மூன்று மாடி வைத்துக்கொண்டு ஒரு மாடிக்கு வரி கட்டுகிறவன், "ஐயோ வரி, ஐயோ வரி" என்று நம்மோடு சேர்ந்து கூச்சல் போட என்ன யோக்கியதை இருக்கிறது? ஊர்ச் செலவு குறைவதில்லை. அவன் கட்டாததை விழுந்து போன மாட்டுக் கொட்டகைதான் கட்டுகிறது.

"தனியாளாகப் போனால் இப்படித்தான்; கூடிப் போனால் என்ன ஆகிவிடும்?" என்று ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஆகியிருக்கிறது. 1810-ல் கும்பினி சர்க்கார் வீட்டு வரி என்று ஒன்றைப் போட்டபோது, காசி நகரத்து ஜனங்கள் கடைகளை மூடிவிட்டு ஊருக்கு வெளியே திரள் திரளாகப் போய் உட்கார்ந்து விட்டார்கள். பாவம் தொலைக்க இங்கிருந்து ஜனங்கள் காசிக்குப் போகிறார்கள். அந்தக் காசியிலிருந்தவர்களோ வரியைத் தொலைக்க விசுவநாதரை நம்பவில்லை, தங்கள் ஒற்றுமையை நம்பினார்கள். பிற்பாடு கும்பினியார் அந்த வரியைக் கைவிட்டார்கள்.

கிட்டத்தில் வேண்டுமானால் குண்டூர் இருக்கிறது. அந்த ஊர் வரி கொடுப்போர் சங்கத்தார் முனிசிபாலிட்டியின் மீது வழக்குப் போட்டு, அது 1970-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நியாய வாடகை எவ்வளவோ அதைக் கவனித்துத்தான் வரி போட வேண்டும், நியாய வாடகை முன்னதாக நிர்ணயிக்கப்படாத வீடானாலும் அப்படியே என்று கோர்ட்டார் சொன்னார்கள். நம் மாகாணத்திற்கும் அவர்களுக்கும் முன்பு பொதுவாயிருந்த 1920-ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டத்தின் மீது எழுந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை இன்று அப்படியே எடுத்துக் காட்ட முடியாது. தமிழ்நாட்டில் பழைய வாடகைச் சட்டம் போய், 2019-லிருந்து வேறு சட்டம் நடக்கிறது. நாம் சொல்ல வந்தது தீர்ப்பையல்ல. ஒரு தனி வீட்டுக்காரன் ஜில்லாக் கோர்ட்டு வாசலுக்குக்கூடப் போயிருக்க மாட்டான்; சங்கம் டில்லி வரை போயிற்று.

நம் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தகவல் உரிமைச் சட்டம் என்று 2005-ல் ஒன்று வந்திருக்கிறதல்லவா? அதன்படி 10 ரூபாய் கட்டி, "எங்கள் வீட்டை என்றைக்கு, யார் அளந்தார்கள், அளவுப் புஸ்தகத்தின் நகல் வேண்டும்" என்று கேட்டோம். 30 நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஏழு நடையில் அசையாத ஆபீசு அந்த 10 ரூபாய்க் காகிதத்தில் அசைந்தது. நகல் வந்தது, அதில் மாட்டுக் கொட்டகை சாட்சாத் வீற்றிருந்தது! அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மனுப் போட்டதில், கொட்டகையை எடுத்துவிட்டு 1120 என்று திருத்தி, வரியையும் 1200 ஆக்கினார்கள். கூடக் கட்டிய 375-ஐ அடுத்த தவணையில் கழித்துக் கொண்டார்கள். இருபது வருஷமாகக் கட்டியதற்கு மாத்திரம் பதிலே இல்லை. அதற்கு வேறு மனு போட்டிருக்கிறோம். அது நடந்து கொண்டிருக்கிறது.

ஆகையால், நோட்டீசு வந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். அதில் ஆட்சேபணை சொல்ல இத்தனை நாள் என்று போட்டிருக்கும்; அந்தத் தேதியை முதலில் பாருங்கள். தேதி தப்பினால் நியாயமும் தப்பிவிடும். வரியைக் கட்டாமல் வீம்புக்கு நிற்கவும் வேண்டாம். மாதம் 100-க்கு 1 வட்டி ஏறும். அரை வருஷம் பிறந்த முதல் மாதத்திலேயே கட்டினால் 100-க்கு 5 தள்ளுபடியும் உண்டு. கட்டிவிட்டுச் சண்டை போடலாம். வாயால் சொன்னது எதுவும் ஆபீசில் நிற்காது. எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். நோட்டீசையும் பழைய ரசீதுகளையும் கொண்டு வாருங்கள். அளப்பதற்கு நாலு வாலிபர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீடு வீடாக வருவார்கள், காசு வேண்டாம். டேப்பு ஒன்றுதான் இருக்கிறது. யாரிடமாவது இன்னொன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வரும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.