புதுக் கைப்பேசிக்கு மாறும் முன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசி மாற்றுவதைப் பற்றிப் பேசச் சொன்னதும் முதலில் சற்றுத் தயங்கினேன். நான் கணினி ஆசிரியை அல்ல. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். ஆனால் இந்த விஷயத்தில் நான் தவறு செய்தவள். அந்தத் தவறை உங்களில் யாரும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் தம்பி தான் பயன்படுத்திய ஐபோனை எனக்குக் கொடுத்தான். அதுவரை ஏழெட்டு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு கைப்பேசிதான் வைத்திருந்தேன். "எல்லாம் தயார் பண்ணிட்டேன் அக்கா, சிம்மை மட்டும் போடு" என்றான். போட்டேன். வாட்ஸ்அப்பில் என் எண்ணைக் கொடுத்ததும் குழுக்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றிரவே பழைய கைப்பேசியை மகளுக்குக் கொடுப்பதற்காக ரீசெட் செய்யப் போனேன். "எல்லாம் எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன்.

பள்ளி திறந்ததும் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரவில்லை. செங்கல் சூளை வேலைக்குப் போகும் குடும்பம். விடுமுறைக்கு முன்பே அவளுடைய அம்மா ஒரு புது எண்ணிலிருந்து, எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நானும் கேட்டேன். எண்ணைப் பெயர் போட்டுச் சேமிக்கவில்லை. வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. இப்போது திறந்து பார்த்தால் குழுக்களின் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு பழைய செய்திகூட இல்லை. தனி உரையாடல்கள் ஒன்றுமே இல்லை. அழைப்புப் பட்டியலும் போய்விட்டது.

அவளுடைய அப்பாவோடு முன்பு வேலை செய்தவரைத் தேடிப் பிடித்து எண் வாங்குவதற்குப் பதினொரு நாள் ஆனது. அழைத்தபோது அந்த அம்மா சொன்னது இதுதான்: "ரீசார்ஜ் தீர்ந்துபோச்சு டீச்சர். நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம்." பிறகு சூளைக்கு அருகிலிருந்த பள்ளியில் பேசி அவளைச் சேர்த்தோம். இருந்தாலும் பதினொரு நாள் அந்தக் குழந்தை சூளையில்தான் இருந்தாள். இதில் தம்பி மீதும் தவறில்லை, கைப்பேசி மீதும் தவறில்லை. ஒரு குழந்தையின் தொடர்பை ஒரே ஒரு செயலிக்குள் வைத்திருந்தது என் தவறு.

ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஏன் இப்படி நடக்கிறது? நான் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கைப்பேசியில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தனிக் கோப்புகள். ஒளிப்படம், பிடிஎஃப், காணொளி போன்றவை. இவை எந்தக் கைப்பேசிக்கும் போகும். இதிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. 2017 முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் பள்ளியிலுள்ள பழைய கணினி அதைத் திறக்காமல் போகலாம். கேமரா அமைப்பில் 'அதிகப் பொருத்தம்' என்ற பொருளில் உள்ள தேர்வை வைத்தால் வழக்கமான ஜேபெக் படமாகவே பதிவாகும்.

இரண்டாம் வகை, செயலிக்குள் இருக்கும் தரவு. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டில் தன் பேக்கப்பைக் கூகுள் டிரைவில் வைக்கிறது. ஐபோனில் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்றில் உள்ளதை மற்றொன்றிலிருந்து நேரடியாக மீட்க முடியாது. குழுவில் நாம் உறுப்பினர் என்ற விவரம் நம் எண்ணோடு சேர்ந்தது. அதனால் அது தானாக வந்துவிடும். செய்திகளோ கைப்பேசிக்குள் இருந்தவை. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் வகை, நம் கைப்பழக்கம். ஆண்ட்ராய்டில் பின்னே செல்லும் பொத்தானையோ சைகையையோ கட்டைவிரல் தானாகத் தேடும். ஐபோனில் அந்தப் பொத்தான் கிடையாது. திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை நகர்த்த வேண்டும், அல்லது மேல் மூலையைத் தொட வேண்டும். தமிழில் தட்டச்சு செய்வதும் அப்படித்தான். ஐபோனில் 2013 முதலே தமிழ்99, அஞ்சல் என இரு விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் நாம் வேறொரு விசைப்பலகைக்குப் பழகியிருப்போம். இரண்டு வாரம் தடுமாற்றம் இருக்கும், பிறகு சரியாகிவிடும். பழக்கம் திரும்ப வரும். அழிந்த தரவு அப்படி வராது. ஆகவே கவலைப்பட வேண்டியது இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. ஒருங்குறி வருவதற்கு முன் வினாத்தாள் தட்டச்சு செய்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அலைந்தோம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இன்று நாம் அனுப்பும் தமிழ்ச் செய்தி எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. அதுபோலவே, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. அதற்கு முன் நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும். சார்ஜர் விஷயத்திலும், ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதிமுதல் புதிய கைப்பேசிகளுக்கு டைப்-சி இணைப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஐபோன் 15 அந்த இணைப்போடு வந்துவிட்டது.

இந்த மூன்றிலும் பொதுவிதி வந்த பிறகுதான் நாம் விரும்பியபடி மாற முடிந்தது. செயலிக்குள் இருக்கும் தரவுக்கு அப்படி ஒரு முழுமையான பொதுவிதி இன்னும் வரவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இரண்டு இயங்குதளங்களும் கோப்புகளைச் சேமிக்கும் முறையும் பூட்டும் முறையும் வேறு வேறு. வணிகக் காரணமும் பேசப்படுகிறது. பயனர்கள் வேறு கைப்பேசிக்கு மாறுவதை ஆப்பிள் கடினமாக்குகிறது என்பதையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்து, அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்திருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், நம் வகுப்புக் குழந்தைகளின் விவரத்தைக் காப்பது நம் பொறுப்பு.

இனி, மாறப் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் தொடர்பு எண்கள். ஆண்ட்ராய்டில் எண்ணைச் சேமிக்கும்போது கைப்பேசியிலா, சிம்மிலா, கூகுள் கணக்கிலா என்று கேட்கும். கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் ஐபோனில் அதே கணக்கைச் சேர்த்துத் தொடர்புகளை இயக்கினால் எல்லா எண்களும் வந்துவிடும். பெற்றோர் புது எண்ணிலிருந்து பேசினால், பேசி முடித்த கையோடு குழந்தையின் பெயர், வகுப்போடு சேமித்துவிடுங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப். 2022 முதல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களைக் கொண்டுபோக வழி இருக்கிறது. பழைய கைப்பேசியில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியை நிறுவ வேண்டும். இரண்டு கைப்பேசிகளும் மின்இணைப்பில் இருக்க வேண்டும். அதே எண்ணைப் பயன்படுத்த வேண்டும். முக்கியமாக, ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். என் தம்பி அன்போடு முன்கூட்டியே அமைத்துக் கொடுத்ததால் அந்த வாய்ப்புப் போனது. உங்களுக்கும் யாராவது அப்படிக் கொடுத்தால், அதை ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களுக்கு, இரண்டையும் கேபிளால் இணைத்து மாற்றும் வழி 2021 முதல் சில கைப்பேசிகளில் வந்தது. உங்கள் கைப்பேசிக்கு அது உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மூன்றாவது, பேக்கப்பின் தேதி. நான் தவித்தபோது சக ஆசிரியர் ஒருவர் ஒரு வழி சொன்னார். பழைய ஆண்ட்ராய்டில் என் எண்ணையே போட்டு, கூகுள் டிரைவிலிருந்து மீட்டுப் பார்க்கச் சொன்னார். செய்தோம். மீண்டும் வந்தது, ஆனால் ஜூன் மாதம் வரைதான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் நிரம்பியிருந்தது. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. இடம் இல்லாமல் ஏழு மாதமாகப் பேக்கப் நடக்கவே இல்லை. அறிவிப்பு வந்ததை நான் கவனிக்காமல் தள்ளிவிட்டிருந்தேன். இன்று வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்அப் அமைப்பில் கடைசிப் பேக்கப் எந்தத் தேதி என்று ஒருமுறை பாருங்கள்.

நான்காவது, பணச் செயலிகள். யுபிஐ செயலி நம் சிம்மோடும் குறிப்பிட்ட கைப்பேசியோடும் பிணைக்கப்பட்டது. புதிய கைப்பேசியில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும். ஆகவே சம்பள நாளிலோ பயண நாளிலோ மாற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலியை ஐபோனில் மறுபடி வாங்க வேண்டியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகள் புதிய தளத்தில் இருக்கின்றனவா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, பழைய கைப்பேசி. குறைந்தது இரண்டு வாரம் அதைத் தொடாமல் வைத்திருங்கள். அந்த இரண்டு வாரத்தில் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு கட்டாயம் ரீசெட் செய்யுங்கள். அதில் நம் மாணவர்களின் படங்களும் பெற்றோர் எண்களும் இருக்கின்றன. அவற்றோடு கைப்பேசியை இன்னொருவர் கையில் கொடுப்பது சரியல்ல. அவசரமாக அழிப்பது ஒரு தவறு, அழிக்காமல் விற்பது இன்னொரு தவறு.

கடைசியாக ஒன்று. நம் காலத்தில் கைப்பேசி ஒரு பள்ளிப் பதிவேடாகவே ஆகிவிட்டது. வருகைப்பதிவேடு நிரம்பினால் அடுத்ததைத் தொடங்குவோம். பழையது பீரோவில் பத்திரமாக இருக்கும். கைப்பேசிப் பதிவேடு அப்படி இருக்காது. அதனால் நான் இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, முக்கியமான உரையாடல்களை வாட்ஸ்அப்பில் உள்ள 'ஏற்றுமதி' வசதி மூலம் எழுத்துக் கோப்பாக எடுத்துவைக்கிறேன். அதை மறுபடி வாட்ஸ்அப்பில் ஏற்ற முடியாது. ஆனால் எந்தக் கைப்பேசியிலும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். இன்னொன்று, என் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. குழந்தையின் பெயர், பெற்றோர் எண், வேலைக்குப் போகும் ஊர், அவசரத்துக்கு இன்னொரு உறவினர் எண், எண் மாறிய தேதி. அவ்வளவுதான். அதைத் திறப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

அந்தச் சிறுமி சூளை வேலை முடிந்து ஜூன் மாதம் ஊர் திரும்பினாள். இப்போது நான்காம் வகுப்பு. அவள் அம்மாவின் எண் அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது நீங்களும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.